புராஸ்டேட் புற்றுநோய்: ரோபோ அறுவை சிகிச்சையா, திறந்த முறையா? முடிவெடுக்கும் முன் மருத்துவரின் அனுபவத்தைக் கேட்பது ஏன் அவசியம்?

புதுதில்லி: புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது உறுதியாகி, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் கூறியதும், பெரும்பாலான குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, 'ரோபோ மூலம் செய்துகொள்வதா, வழக்கமான முறையே போதுமா?' என்பதுதான். பெருநகர மருத்துவமனைகளின் விளம்பரங்களும் இந்தக் கேள்வியையே முன்னிறுத்துகின்றன. எனினும், கடந்த 20 ஆண்டுகளில் வெளியான முக்கிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அதற்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருப்பது தெரியவருகிறது. அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவர், அதே முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்துள்ளார், அவர்களின் இன்றைய நிலை என்ன என்பதே அந்தக் கேள்வி.

உலக சுகாதார அமைப்பின்கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குப் புதிதாகப் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. உலக அளவில் 2020-இல் 14 லட்சமாக இருந்த இந்த எண்ணிக்கை, 2040-இல் 29 லட்சமாக உயரக்கூடும் என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் கணித்துள்ளது. ஆயுட்காலம் நீள்வதே இதற்கு முதன்மைக் காரணம். எனவே, இந்த முடிவை எதிர்கொள்ளும் குடும்பங்களின் எண்ணிக்கை இந்தியாவிலும் அதிகரிக்கவே செய்யும்.

அறுவை சிகிச்சையில் நடப்பது என்ன?

புராஸ்டேட், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறிய சுரப்பி. சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவே செல்கிறது. சிறுநீரை அடக்கி வைக்க உதவும் தசை வளையம் இதற்குச் சற்றுக் கீழே உள்ளது. விறைப்புத்தன்மைக்குக் காரணமான மெல்லிய நரம்புகள் சுரப்பியின் இருபுறமும் ஒட்டியபடி செல்கின்றன. பின்புறம் மலக்குடல் அமைந்துள்ளது.

புற்றுநோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் நிலையில், சுரப்பி முழுவதும் விந்துப்பைகளுடன் சேர்த்து அகற்றப்படுகிறது. பின்னர், சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி சிறுநீர்க் குழாயுடன் மீண்டும் இணைத்துத் தைக்கப்படுகிறது. புற்றுநோய்த் திசுவை மிச்சமின்றி அகற்றுவது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் திறனைக் காப்பது, இயன்றவரை நரம்புகளைக் காப்பது ஆகிய மூன்று நோக்கங்களையும் மருத்துவர் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டியுள்ளது.

இவை ஒன்றுக்கொன்று முரண்படக்கூடியவை. நரம்பைக் காப்பதற்காகச் சுரப்பியை மிக நெருங்கி வெட்டினால் புற்றுநோய்த் திசு மிஞ்சிவிடலாம். சற்றே விலகி வெட்டினால் நரம்பு சேதமடையலாம். இடையே உள்ள தூரம் சில மில்லிமீட்டர்களே. அதனால்தான், இதே நோய்க்கு இதே சிகிச்சையைப் பெற்ற இருவரில் ஒருவர் மூன்று மாதங்களில் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புவதும், மற்றொருவர் ஆண்டுக்கணக்கில் சிறுநீர்க் கசிவுக்காக உறிஞ்சு பட்டைகளைப் பயன்படுத்துவதும் நிகழ்கின்றன. வயது, உடல் எடை, நோயின் பரவல், சிகிச்சைக்கு முந்தைய உடல்நிலை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவரின் கைத்திறனுக்கும் பெரும் பங்கு உண்டு.

மூன்று முறைகள், ஒரு நூற்றாண்டு வரலாறு

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1904-இல் ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற மருத்துவர், புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுமையாக அகற்றும் அறுவை சிகிச்சையைச் செய்தார். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இது ரத்தப்போக்கும் பின்விளைவுகளும் மிகுந்த சிகிச்சையாகவே இருந்தது. அதே மருத்துவமனையைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷ், விறைப்புத்தன்மைக்கான நரம்புகள் செல்லும் பாதையைக் கண்டறிந்து, 1982-இல் அவற்றைக் காக்கும் வகையில் அறுவை சிகிச்சை செய்தார். அடிவயிற்றில் ஒரே நீண்ட வெட்டு வழியாகச் செய்யப்படும் இந்தத் திறந்த முறை, உலகெங்கும் பரவியது.

1990-களின் இறுதியில், பாரிஸ் நகர மருத்துவர்கள் சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையை இதற்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தினர். 2000-ஆம் ஆண்டில் ரோபோ முறை அறிமுகமானது. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்ற மணி மேனன், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இம்முறையைச் செம்மைப்படுத்திப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர். இந்தியாவில், புதுதில்லி எய்ம்ஸ் சிறுநீரகவியல் துறையில் 2006-இல் ரோபோ அறுவை சிகிச்சை தொடங்கப்பட்டது. இன்று பல நகரங்களில் இவ்வசதி உள்ளது. 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' என்ற உள்நாட்டுத் தயாரிப்பும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது.

'ரோபோ அறுவை சிகிச்சை' என்ற பெயர் சிலருக்குத் தவறான எண்ணத்தை அளிக்கக்கூடும். இயந்திரம் தானாக எதையும் வெட்டுவதோ தைப்பதோ இல்லை. நோயாளியிடமிருந்து சில அடி தொலைவில் உள்ள மேசையில் அமர்ந்து, முப்பரிமாணத் திரையைப் பார்த்தபடி மருத்துவர் கைகளை அசைக்க, அந்த அசைவுகளை ரோபோவின் கரங்கள் உடலுக்குள் நிகழ்த்துகின்றன. எங்கு வெட்டுவது, எங்கு நிறுத்துவது என்ற ஒவ்வொரு முடிவும் மருத்துவருடையதே.

அனுபவம் கூடக் கூட மாறும் முடிவுகள்

மருத்துவரின் அனுபவத்துக்கும் நோய் மீண்டும் வருவதற்கும் உள்ள தொடர்பை அளந்த முக்கிய ஆய்வு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயரிலான இதழில் 2007-இல் வெளியானது. நான்கு அமெரிக்க மருத்துவ மையங்களில் 1987 முதல் 2003 வரை 72 மருத்துவர்களிடம் திறந்த முறையில் அறுவை சிகிச்சை பெற்ற 7,765 பேரின் விவரங்கள் அதில் ஆராயப்பட்டன.

அதற்கு முன் 10 அறுவை சிகிச்சைகளை மட்டுமே செய்திருந்த மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு, 5 ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் தென்படும் வாய்ப்பு 17.9 சதவீதமாக இருந்தது. 250 அறுவை சிகிச்சைகளைச் செய்திருந்த மருத்துவரிடம் இது 10.7 சதவீதமாகக் குறைந்தது. நோயின் தீவிரத்தில் உள்ள வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகு கிடைத்த எண்கள் இவை. ஏறத்தாழ 250 அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, முன்னேற்றத்தின் வேகம் குறைந்து முடிவுகள் நிலைபெற்றன. மருத்துவத் துறையில் இதைக் 'கற்றல் வளைவு' என்பர்.

இங்கு ஒரு விளக்கம் தேவை. 'நோய் மீண்டும் தென்படுதல்' என்பது, சுரப்பி அகற்றப்பட்ட பின் ஏறத்தாழ இல்லாத நிலைக்குக் குறைய வேண்டிய பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு, ரத்தத்தில் மீண்டும் உயர்வதைக் குறிக்கிறது. அது உடனடி ஆபத்தாகவோ மரணமாகவோ கருதப்படுவதில்லை. எனினும், அதன் பின்னர் கதிர்வீச்சு, ஹார்மோன் சிகிச்சை போன்றவை தேவைப்படலாம். அவற்றுக்கும் பக்கவிளைவுகள் உண்டு.

பின்விளைவுகளிலும் இதே போக்கு காணப்பட்டது. அமெரிக்காவில் 11,522 பேரின் விவரங்களைக் கொண்டு 2002-இல் வெளியான ஆய்வு, அதிக எண்ணிக்கையில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளிலும் மருத்துவர்களிடமும் சிறுநீர்ப் பாதை தொடர்பான பின்விளைவுகள் குறைவு என்று கண்டறிந்தது.

ஒரு முறையின் அனுபவம் மற்றொன்றுக்குப் பொருந்துமா?

திறந்த முறையில் நெடுங்கால அனுபவம் பெற்ற ஒருவர், புதிய முறைக்கு மாறினால் அந்த அனுபவமும் அப்படியே உடன் வரும் என்று எண்ணுவது இயல்பு. 2009-இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியான ஆய்வு இந்த எண்ணத்துக்கு மாறான முடிவைத் தந்தது.

ஏழு மையங்களில் 29 மருத்துவர்களிடம் லேப்ராஸ்கோப்பி முறையில் சிகிச்சை பெற்ற 4,702 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். 10 அறுவை சிகிச்சைகளை முடித்திருந்த மருத்துவரிடம் நோய் மீளும் வாய்ப்பு 17 சதவீதம். 250 முடித்திருந்தவரிடம் 16 சதவீதம். 750 முடித்திருந்தவரிடம் 9 சதவீதம். அதாவது, திறந்த முறையைவிடக் கற்றல் மிக மெதுவாக நிகழ்ந்தது. மேலும், முன்பு திறந்த முறையில் பயிற்சி பெற்று இம்முறைக்கு மாறியவர்களின் முடிவுகள், தொடக்கம் முதலே லேப்ராஸ்கோப்பி முறையில் பயின்றவர்களின் முடிவுகளைவிடப் பின்தங்கியிருந்தன.

திறந்த முறையில் மருத்துவர் தம் விரல்களால் திசுவைத் தொட்டு உணர்கிறார். லேப்ராஸ்கோப்பியில் நீண்ட கருவிகளின் வழியாகவே வேலை நடக்கிறது. ரோபோ முறையில் காட்சி பெரிதாகவும் தெளிவாகவும் கிடைத்தாலும், பெரும்பாலான கருவிகளில் தொடு உணர்வு மருத்துவரின் கைக்கு வந்து சேர்வதில்லை. மூன்றும் வெவ்வேறு பயிற்சிகளைக் கோருபவை. ஆகவே, 'மருத்துவருக்கு 25 ஆண்டுகள் அனுபவம் உள்ளது' என்ற தகவல் மட்டும் நோயாளிக்குப் போதுமானதன்று. தமக்குப் பரிந்துரைக்கப்படும் முறையில் அவருக்கு எவ்வளவு அனுபவம் உள்ளது என்பதே அவர் அறிய வேண்டியது.

நேருக்கு நேர் ஒப்பிட்டபோது கிடைத்த விடை

ரோபோ முறையையும் திறந்த முறையையும் நேரடியாக ஒப்பிட்ட முக்கியச் சோதனை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடைபெற்றது. 326 நோயாளிகள் குலுக்கல் அடிப்படையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். திறந்த முறையை மேற்கொண்ட மருத்துவர், 1,500-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தவர். ரோபோ முறையை மேற்கொண்டவர், 200-க்கும் மேற்பட்டவற்றைச் செய்தவர்.

2016-இல் வெளியான முதற்கட்ட முடிவுகளின்படி, ரோபோ பிரிவில் சராசரி ரத்த இழப்பு ஏறத்தாழ 440 மில்லிலிட்டராகவும், திறந்த பிரிவில் 1,340 மில்லிலிட்டராகவும் இருந்தது. ரோபோ பிரிவினர் மருத்துவமனையில் தங்கிய காலமும் குறைவு. ஆனால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் திறனிலும் பாலியல் செயல்பாட்டிலும் 12 வாரங்களுக்குப் பிறகு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018-இல் வெளியான இரண்டாண்டு முடிவுகளிலும் இதே நிலை நீடித்தது. பிஎஸ்ஏ உயர்வு ரோபோ பிரிவில் 3 சதவீதமாகவும், திறந்த பிரிவில் 9 சதவீதமாகவும் இருந்தது. எனினும், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கூடுதல் சிகிச்சைகள் இரு பிரிவுகளிலும் ஒரே சீராக வரையறுக்கப்படாததால், இந்த வேறுபாட்டை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டனர்.

குறைந்த எண்ணிக்கையில் சிகிச்சை செய்திருந்த ரோபோ மருத்துவர், பன்மடங்கு அனுபவம் மிக்க மருத்துவருக்கு இணையான முடிவுகளை எட்டியிருக்கிறார் என்று இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு மருத்துவரே இருந்ததால், அளக்கப்பட்டது முறைகளின் வேறுபாடா, மருத்துவர்களின் வேறுபாடா என்ற கேள்வியும் எழுகிறது. இரண்டையும் முற்றாகப் பிரித்து அளப்பது கடினம் என்பதே இத்துறை ஆய்வுகளின் அடிப்படைச் சிக்கல்.

சுவீடனில் 14 மருத்துவமனைகளில் நடைபெற்ற ஆய்விலும், ஓராண்டுக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு ரோபோ முறையில் 21 சதவீதமாகவும், திறந்த முறையில் 20 சதவீதமாகவும் இருந்தது. எந்த முறையும் மற்றவற்றைவிடத் தெளிவான மேன்மையைப் பெற்றிருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்பதை நோயாளிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. ரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைவு என்பவை ரோபோ முறையின் உண்மையான பயன்கள். ஆண்டுகள் கடந்த பின் நோயாளியின் நிலை எவ்வாறு இருக்கும் என்பதை அவை மட்டும் தீர்மானிப்பதில்லை.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. மொத்த எண்ணிக்கையுடன், கடந்த ஓராண்டில் செய்தவை எத்தனை என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2005-இல் இந்த அறுவை சிகிச்சையைச் செய்த மருத்துவர்களில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்திருந்தனர். ஏறத்தாழ 80 சதவீதம் பேர் பத்துக்கும் குறைவாகவே செய்திருந்தனர் என்று ஓர் ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில், ஆண்டுக்குக் குறைந்தது 150 புராஸ்டேட் அறுவை சிகிச்சைகள் நடைபெறக்கூடிய மையங்களில் ரோபோ கருவிகளை நிறுவ வேண்டும் என்று நைஸ் எனப்படும் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு பரிந்துரைத்துள்ளது. செலவுக்கேற்ற பயன் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம் என்றாலும், சிகிச்சைகள் சில மையங்களில் குவிவதால் அங்குள்ள குழுவினரின் அனுபவமும் கூடுகிறது.

அதே வேளையில், நூற்றுக்கணக்கில் செய்தவர்கள் அனைவரின் முடிவுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தம் முடிவுகளைத் தொடர்ந்து அளந்து, குறைகளைத் திருத்திக்கொள்பவரே அனுபவத்தால் பயனடைகிறார். ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட புராஸ்டேட் அறுவை சிகிச்சைகள் நடைபெறும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மார்ட்டினி மருத்துவமனையில், நோயாளிகளின் நிலை பல ஆண்டுகளுக்குக் கேட்டறியப்படுகிறது. ஒவ்வொரு மருத்துவரின் முடிவுகளும் சக மருத்துவர்களின் முடிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன.

எண்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. தொடக்க நிலை நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் மருத்துவரின் முடிவுகள் சிறப்பாகத் தோன்றும். சிக்கலான நோயாளிகளை ஏற்பவரின் முடிவுகள் பின்தங்கியதாகத் தெரியும். 'சிறுநீர்க் கசிவு இல்லை' என்பதைச் சிலர் உறிஞ்சு பட்டையே தேவைப்படாத நிலையாகவும், வேறு சிலர் நாளொன்றுக்கு ஒரு பட்டை போதும் என்ற நிலையாகவும் வரையறுக்கின்றனர். வரையறை மாறினால் சதவீதமும் மாறும்.

இளம் மருத்துவர்கள் எங்குதான் கற்பது என்ற கேள்வியும் நியாயமானதே. அனுபவம் மிக்கவரின் நேரடி மேற்பார்வையில், கட்டம் கட்டமாகப் பயிற்சி பெறுவதே அதற்கான வழி. அத்தகைய மையங்களில் பயிற்சி மருத்துவர்களின் பங்கேற்பு இயல்பானது. எந்தப் பகுதியை யார் செய்வார் என்பதை முன்கூட்டியே அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு.

நோயாளிகள் கேட்க வேண்டியவை

பிரிட்டனில் சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம், மருத்துவர் வாரியான விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும் வகையில் வெளியிட்டு வந்துள்ளது. இந்தியாவில் நோயாளிகள் எளிதில் பார்க்கக்கூடிய அத்தகைய தேசியப் பதிவேடு இல்லை. எனவே, நேரில் கேட்டறிவதே இங்குள்ள வழி. பின்வரும் கேள்விகள் அதற்கு உதவும்.

1. இந்தக் குறிப்பிட்ட முறையில் இதுவரை எத்தனை புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சைகளைச் செய்துள்ளீர்கள்? கடந்த ஓராண்டில் எத்தனை?

2. என்னைப் போன்ற வயதும் நோய் நிலையும் கொண்டவர்களில், ஓராண்டுக்குப் பிறகு உறிஞ்சு பட்டை தேவைப்படாதவர்கள் எத்தனை பேர்?

3. அகற்றப்பட்ட திசுவின் விளிம்பில் புற்றணுக்கள் காணப்பட்டவர்கள் எத்தனை சதவீதம்?

4. என் நிலையில் நரம்புகளைக் காக்க இயலுமா? ஒருபுறம் மட்டுமா, இருபுறமுமா? விறைப்புத்தன்மை மீளும் வாய்ப்பு என்ன?

5. முழு அறுவை சிகிச்சையையும் நீங்களே செய்வீர்களா? ரோபோ அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் அருகில் நிற்கும் உதவி மருத்துவரின் அனுபவம் என்ன?

6. நீங்கள் கூறும் எண்கள் உங்களுடைய சொந்த முடிவுகளா, வெளிநாட்டு ஆய்வுகளில் இருந்து எடுக்கப்பட்டவையா?

இவற்றில் கடைசிக் கேள்வி குறிப்பிடத்தக்கது. தலைசிறந்த மையங்களின் வெற்றி விகிதங்கள், எல்லா மருத்துவமனைகளுக்கும் பொருந்துபவை அல்ல. மருத்துவரிடம் இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவாகாது. தம் முடிவுகளைப் பதிவு செய்து வரும் மருத்துவர் இவற்றுக்குத் தயக்கமின்றி விடையளிப்பார்.

அவசரப்பட வேண்டியதில்லை

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அறுவை சிகிச்சை உண்மையில் தேவைதானா என்பதும் ஆராயப்பட வேண்டும். பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் கொண்ட 1,643 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், 15 ஆண்டுகளுக்குப் பிறகு இந்நோயால் இறந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 2.2 சதவீதம், கதிர்வீச்சுப் பிரிவில் 2.9 சதவீதம், தொடர் கண்காணிப்புப் பிரிவில் 3.1 சதவீதம் மட்டுமே. ஆகவே, ஆபத்து குறைந்த நிலையில் உள்ளவர்கள் சில வாரங்கள் எடுத்துக்கொண்டு, இரண்டாவது கருத்தைப் பெறுவதால் பாதிப்பு ஏற்படுவதில்லை. கதிர்வீச்சு மருத்துவ நிபுணரையும் சந்தித்துப் பேசுவது பயன் தரும். தீவிர வகை நோய் உள்ளவர்கள் மட்டும் காலதாமதம் குறித்து மருத்துவரின் அறிவுரையைப் பின்பற்ற வேண்டும்.

செலவும் கருத்தில் கொள்ளத்தக்கது. ரோபோ அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் அதிகம். காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காப்பீட்டில் இருந்து விலக்கக்கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ரோபோ அறுவை சிகிச்சையையும் சேர்த்துள்ளது. எனினும், பல காப்பீட்டுத் திட்டங்களில் இதற்குத் தனி உச்சவரம்பு இருப்பதால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ரோபோ கருவி இல்லாத மருத்துவமனையில் திறந்த முறையில் தேர்ச்சி பெற்ற மருத்துவர் கிடைக்கும்போது, கருவி இல்லை என்பதற்காக மட்டும் கடன் வாங்கி வேறு நகருக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையே இதுவரையிலான ஆய்வுகள் உணர்த்துகின்றன. அதே போல, ரோபோ முறையில் நன்கு தேர்ந்த மருத்துவர் அருகிலேயே இருந்து, செலவும் தாங்கக்கூடியதாக இருந்தால், அதைத் தவிர்க்கவும் காரணம் இல்லை. இரண்டு நிலைகளிலும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மேற்கண்ட ஆறு கேள்விகளுக்கும் விடை பெற்றிருப்பது நோயாளிக்குப் பாதுகாப்பு.